கூண்டுக்குள் ஒரு மரக்கிளை

கிளி வளர்ப்போரையும் மீன் வளர்ப்போரையும் நாம் எங்கும் காண்கிறோம். பல்லியையும் பாம்பையும் வீட்டுக்குள் வைத்துப் பேணுவோரைக் காண்பது நம் நாட்டில் அரிது. ஆயின் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய தேசங்களில் இது புதுமையான பொழுதுபோக்கன்று. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் தாடி ஓணானும், சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட பல்லியும், சோளப் பாம்பும் வளர்கின்றன. ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் பிள்ளைகள் இவற்றைக் கேட்டு அடம்பிடிப்பதுண்டு. "கடிக்குமோ?" என்பதே தாய் தந்தையரின் முதற் கேள்வி. அப்பிராணிக்கு நம்மால் என்ன தீங்கு நேரும் என்று கேட்போர் சிலரே.

அத்தீங்குகளுள் ஒன்று, பெட்டிக்கு அழகு சேர்க்குமென நாம் ஆசையோடு உள்ளே வைக்கும் மரக்கட்டையிலிருந்தே வரக்கூடும். கூண்டிலுள்ள மரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் வியக்கலாம். ஊர்வனவற்றின் உடலமைப்பைச் சிறிது அறிந்தால் அவ்வியப்பு நீங்கும்.

பாம்புக்கும் பல்லிக்கும் நமக்குள்ளதைப் போன்ற உதரவிதானம் இல்லை. ஆகவே மார்புச் சளியை வலுவாக இருமி வெளியேற்ற அவற்றால் இயலாது. பெரும்பாலான பாம்புகளுக்கு வலப்பக்கச் சுவாசப்பை ஒன்றே தொழிற்படுகின்றது. இடப்பக்கத்தது மிகச் சிறுத்தோ முற்றாக இல்லாமலோ இருக்கும். மேலும், பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது கோபத்தாலன்று. காற்றிலுள்ள வாசனைத் துணிக்கைகளை நாவில் ஏந்தி, மேல்வாயிலுள்ள ஓர் உணர்வுறுப்பில் ஒற்றி, உலகை அறிகின்றது. இத்தகைய பிராணியை மூன்றடிப் பெட்டியில் அடைத்து, மேலே சூடான மின்குமிழைத் தொங்கவிட்டு, உள்ளே நெடி வீசும் கட்டையொன்றையும் வைத்தால் என்ன ஆகும்? காட்டில் அது விலகி ஊர்ந்து போய்விடும். பெட்டிக்குள் போக்கிடம் ஏது?

அப்படியானால் மரமே வேண்டாமென்று விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. தாடி ஓணான் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பிரதேசத்தில் பட்ட மரக்குற்றிகளிலும் வேலிக் கட்டைகளிலும் ஏறியிருந்து வெயில் காய்கின்ற பிராணி. நியூகினியிலும் அவுஸ்திரேலியாவின் வடகோடியிலும் வாழும் பச்சை மரமலைப்பாம்பு, கிடையான கிளையொன்றின்மேல் உடலைச் சுருள் சுருளாகப் போட்டு, நடுவில் தலையை வைத்துப் பகலைக் கழிக்கின்றது. பச்சோந்தியின் பாதமோ இரு கவடுகளாகப் பிரிந்து, குறடுபோற் கிளையைப் பற்றுவதற்கென்றே அமைந்தது. வெறுந்தரையில் விடப்பட்ட பச்சோந்தியின் நிலை பரிதாபமானது. இவையன்றி, செட்டை கழற்றும் வேளையில் உடலை உரசிக்கொள்ளச் சொரசொரப்பான பரப்பொன்று தேவை. அது கிடையாமற் போனால் பழைய தோல் பல்லியின் விரல்களில் வளையமாக இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, ஈற்றில் விரலே விழுந்துவிடுவதும் உண்டு. எனவே, மரம் வேண்டும். எந்த மரம் என்பதே பிரச்சினை.

கேதுருவின் நறுமணம்

விவிலிய நூலைப் படித்தவர்களுக்குக் கேதுரு மரத்தின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் மேல்நாட்டு வியாபாரத்தில் அப்பெயரால் வழங்குவன யாவும் லெபனோன் கேதுரு அல்ல. அமெரிக்காவின் சிவப்புக் கேதுரு உண்மையில் ஒருவகை ஜூனிப்பர். கனடாவின் மேற்குக் கரையிலுள்ளது தூயா என்னும் வேறோர் இனம். மணமும் பூச்சிகளை விரட்டும் இயல்பும் இவற்றுக்குப் பொது. கம்பளி ஆடைகளைப் பூச்சி அரிக்காதிருக்க மேல்நாட்டார் கேதுருப் பெட்டிகளில் வைப்பது இதனாலேயே. பூச்சிக்கு ஆகாத ஆவி பல்லிக்கு மட்டும் ஆகுமா என்று கேட்பது நியாயமே.

இக்கேள்விக்கு விஞ்ஞானம் ஒரு சுற்றுவழியில் விடை தந்தது. 1967-ஆம் ஆண்டில் எலியட் வெசல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 'சயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் விசித்திரமானதொரு செய்தியை வெளியிட்டார். ஆய்வுகூடங்களில் எலிகளுக்கு மரச்சீவல்களே படுக்கை. ஹெக்சோபாபிற்றல் என்னும் நித்திரை மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, அவை எவ்வளவு நேரம் உறங்குகின்றன என்று கணிப்பது ஒரு சோதனை முறை. சிவப்புக் கேதுரு, பைன் ஆகியவற்றின் சீவல்களின்மேல் வாழ்ந்த எலிகள் ஏனைய எலிகளைவிட விரைவில் விழித்துக்கொண்டன. காரணத்தை ஆராய்ந்தபோது, அச்சீவல்களிலிருந்து எழுந்த ஆவியைச் சுவாசித்தமையால் எலிகளின் ஈரலில் நொதியங்கள் மிகுந்து, மருந்தை வேகமாகச் சிதைத்துவிட்டன என்று தெரிந்தது. பீச், பேர்ச், மேப்பிள் என்னும் வன்மரங்களின் சீவல்கள் இவ்விளைவைத் தரவில்லை.

வெறும் படுக்கைதானே என்று எண்ணியிருந்த மரம் எலியின் ஈரல்வரை சென்று அதன் வேலையை மாற்றிவிட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சோதனை எலியிற் செய்யப்பட்டதாயினும், ஊர்வன வளர்ப்போரும் மிருக வைத்தியர்களும் அதை எச்சரிக்கையாகவே கொண்டனர். கேதுருச் சீவலைப் பாம்புப் பெட்டியில் இடலாகாதென்பது இன்று அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. மனிதருக்கும் இது புதிதன்று. கனடாவின் மேற்குக் கரைக் கேதுருவை அறுக்கும் ஆலைத் தொழிலாளருக்கு உண்டாகும் தொய்வு நோய்க்கு, அம்மரத்திலுள்ள பிளிக்காற்றிக் அமிலமே காரணமெனக் கண்டறியப்பட்டுள்ளது.

பைன் மரத்தைப் பொறுத்தவரை நமது அபிப்பிராயம் சற்று மாறுபடும். பிசின் கசியும் பச்சைப் பைன் கட்டை கூடவே கூடாது. மின்குமிழின் சூட்டில் பிசின் இளகி, பல்லியின் பாதத்திலும் பாம்பின் செதிலிலும் ஒட்டிக்கொள்ளும். சூளையில் நன்றாக உலர்த்திய பலகையை அவ்வளவு கடுமையாக நாம் ஒதுக்குவதில்லை. அவ்வாறே, மணமுள்ள மரம் யாவும் நஞ்சென்று சொல்வதும் மிகை. அவுஸ்திரேலியாவில் யூக்கலிப்டஸ் கிளைகளையே தாடி ஓணானுக்கு வைக்கின்றனர். அப்பிராணியின் சொந்த ஊர் மரமல்லவா அது! அதன் தைலம் பெரும்பாலும் இலைகளில் உள்ளது. இலை உதிர்ந்து, வெயிலில் நெடுநாட் காய்ந்த கிளையில் நெடி அடங்கிவிடும்.

வேறு சில மரங்கள் மணமின்றியே நஞ்சாவன. அலரியின் நச்சுத்தன்மையை நம்மூரில் அறியாதார் இல்லை. தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. மேல்நாட்டில் யூ மரமும் லபேர்னமும் இத்தகையன. பீச், செரி முதலியவற்றின் இலையிலும் பட்டையிலும் சயனைட்டை விளைவிக்கும் பொருளுண்டு. பாம்பு மரத்தைத் தின்னாதே என்று சிலர் வாதாடலாம். இலையுண்ணும் இகுவானா கடித்துப் பார்க்கும், ஆமையும் கடிக்கும். இரையாக விட்ட வெட்டுக்கிளி பட்டையைக் கொறித்துவிட்டுப் பல்லியின் வயிற்றுக்குள் போகும். பெயர் தெரியாத மரத்தை உள்ளே வையாதிருப்பதே புத்தி.

மனிதன் பூசிய நஞ்சு

மரம் நல்லதாயினும் அதன் பூர்வோத்தரம் நல்லதாக இருக்க வேண்டும். கறையான் அரிக்காதிருக்கச் செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியவற்றின் உப்புகளை மரத்துக்குள் அழுத்திச் செலுத்தும் முறை நீண்ட காலம் வழக்கிலிருந்தது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இம்முறையைக் கையாள்வது 2003-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. அதற்கு முன் செய்த வேலிகளும் மேடைகளும் இன்றும் உடைபட்டுப் பழம்பலகையாக வெளிவருகின்றன. இலவசமாகக் கிடைக்கின்றதென்று அவற்றை எடுத்துவந்து பாம்புக்குப் படிக்கட்டுச் செய்வது பேதைமை. தார் எண்ணெய் ஊறிய பழைய இரயில் சிலிப்பர்க் கட்டைகளும் அப்படியே.

துறைமுகங்களிற் சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளைப் பலர் விரும்பி எடுக்கின்றனர். சர்வதேச விதிப்படி அவற்றில் முத்திரையொன்று சுடப்பட்டிருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தாற் கிருமி நீக்கியது, 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைட்டு என்னும் நச்சுப்புகை ஊட்டியது. பின்னதைத் தொடவே வேண்டாம். முன்னதிலும், எந்தச் சரக்கு அதன்மேற் சிந்திற்றோ யாரறிவார்?

திராட்சைக் கொடியின் முறுகிய தண்டு பார்வைக்கு மிக அழகானது. ஆனால் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சண நோய்க்கெதிராக மருந்து தெளிப்பது பழைய வழக்கம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவை பிரான்சில் 1880-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. தவிரவும், ஈரமான பெட்டியில் இத்தண்டு வெகு விரைவில் பூஞ்சணம் பிடித்து உளுத்துப் போகின்றது. வறண்ட நிலப் பிராணிகளுக்கு மட்டுமே இதை நாம் சிபாரிசு செய்வோம்.

தெருவோரக் கிளைகளில் வாகனப் புகையும் பூச்சிமருந்தும் படிந்திருக்கும். கடலோரத்தில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். அதை நன்னீரில் அமிழ்த்தி, நாடோறும் நீரை மாற்றி, சில வாரங்களேனும் வைத்திருக்க வேண்டும். ஒதுக்கக் காடுகளிற் சென்று கட்டை பொறுக்குவது சட்டத்துக்கும் ஒவ்வாது.

சட்டம் என்றதும் நம் நாட்டு இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1937-ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இலங்கைக் காட்டு ஊர்வனவற்றிற் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. பிடித்து வளர்ப்பது குற்றமாகும். நமது மலைக்காடுகளுக்கே உரிய கொம்பு மூக்கு ஓணான்கள் களவாக வெளிநாடு சென்று விற்பனையாகும் நிலை வந்தபடியால், 2019-ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய சர்வதேச மாநாடு அவற்றின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தியது. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வேலியோரத்தில் ஓணான் பிடிக்கப் புறப்பட வேண்டாம்.

தக்கைப் பட்டையின் சிறப்பு

எல்லா மரங்களுள்ளும் ஊர்வன வளர்ப்போர் முதலிடம் கொடுப்பது தக்கைப் பட்டைக்கே. போத்தல் மூடிக்குப் பயன்படும் அதே தக்கைதான். இது மத்தியதரைக் கடலோரத்து ஓக் மரமொன்றின் புறப்பட்டை. உலகத் தக்கையில் ஏறக்குறையப் பாதியைத் தருவது போர்த்துக்கல் தேசம். மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதாகும்போதுதான் முதன்முதலாகப் பட்டையை உரிக்கின்றனர். அதன்பின் அடுத்த உரிப்புக்கு ஒன்பது ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். மரம் சாவதில்லை, மீண்டும் பட்டை போர்த்துக்கொள்கின்றது. முதல் உரிப்பிற் கிடைப்பது கரடுமுரடாகவும் வெடிப்பும் மேடுபள்ளமுமாக இருத்தலால் போத்தல் மூடிக்கு உதவாது. அந்த 'உதவாத' பட்டையே பல்லிக்கும் பாம்புக்கும் உத்தமமானது! வளைந்த ஓட்டின் கீழ் ஒளிந்துகொள்ளலாம், மேலே ஏறலாம், உடலை உரசிக்கொள்ளலாம்.

இதன் இரகசியம் அதன் கலங்களில் உள்ளது. 1665-ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் நுணுக்குக்காட்டியில் ஒரு மெல்லிய தக்கைத் துண்டை வைத்துப் பார்த்து, சிறு சிறு அறைகளைக் கண்டு, அவற்றுக்கு இட்ட பெயரே இன்று உயிரியல் நூல்களில் நாம் 'கலம்' என்று படிப்பதன் மூலம். அவ்வறைகளுக்குள் காற்று நிறைந்திருப்பதால் தக்கை மிக இலேசானது. சரிந்து விழுந்தாலும் பிராணி நசுங்காது. அறைச் சுவர்களில் சுபரின் என்னும் மெழுகு போன்ற பொருள் ஊறியிருப்பதால் நீரை உறிஞ்சுவது குறைவு; எளிதில் உளுத்துப் போகாது. வெப்பத்தையும் மெதுவாகவே கடத்தும். விலை சற்று அதிகம் என்பதே குறை.

இதற்கு நேர்மாறானது தென்னாபிரிக்கப் பிரதேசத்து மொப்பானி மரம். இரும்புபோற் கனத்து, நீரில் இட்டால் தாழ்ந்துபோகும். நீரை ஊற்றினால் தேயிலைச் சாயம் போன்ற நிறம் பல நாட்களுக்கு இறங்கிக்கொண்டேயிருக்கும். அது மரத்திலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள். பயப்பட வேண்டியதில்லை, நீரை மாற்றினாற் போதும்.

அடித்தளத்துக்குச் சீவல் வேண்டுவோர் அஸ்பென் மரச்சீவலைச் சோளப் பாம்பு போன்றவற்றுக்கு இடலாம். ஈரம் விரும்பும் பிராணிகளுக்கு அது ஆகாது; நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நுண்ணிய மரத்தூள் எந்தப் பிராணிக்கும் வேண்டாம். மூக்கையும் சுவாசப்பையையும் அடைக்கும்.

அவிப்பதும் வேகவைப்பதும்

வெளியிலிருந்து கொண்டுவந்த கட்டையை முதலில் உரமான தூரிகையால் வெறும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். சவர்க்காரம் மரத்துள் ஊறினால் எளிதில் வெளிவராது. பிறகு வெப்பம். சிறிய கட்டையாயின் கொதிநீரில் ஓரிரு மணி நேரம் அவிக்கலாம். அல்லது வீட்டு மின்போறணையில் 100 முதல் 120 பாகை செல்சியஸ் சூட்டில் தடிப்புக்கு ஏற்ப ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ வைக்கலாம். போறணையை மூட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது. காய்ந்த கட்டை சூடேறும் கம்பியைத் தொட்டால் தீப்பற்றும். பிசினுள்ள கட்டை இன்னும் அபாயம். பெரிய கட்டையாயின் முற்றத்தில் வைத்துக் கொதிநீரைப் பலமுறை ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். உள்ளீரம் இருக்கும்வரை அதை பெட்டிக்குள் வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும்.

வெளிற்றும் திரவம் நல்லதல்லவா என்பார்க்கு நாம் சொல்வது: கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நல்லது. மரம் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, சூடு பட்டதும் மெல்ல மெல்ல வெளிவிடும். உபயோகித்தே தீர வேண்டுமாயின் பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவி, மணமே இல்லாதவாறு உலர்த்த வேண்டும். அதனோடு வினாகிரியையோ அமோனியாவையோ சேர்த்தால் வீட்டிலுள்ளோருக்கே நச்சுவாயு எழும்.

இல்லத்தரசிகள் கேட்க வேண்டிய செய்தியொன்றும் உண்டு. ஊர்வன பலவும் நோயின்றியே சல்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை. பெட்டியிலிருந்து எடுத்த கட்டையைச் சமையலறைத் தொட்டியிற் கழுவுவதும், சோறு வடிக்கும் பானையில் அவிப்பதும், பாண் சுடும் போறணையில் வைப்பதும் கண்டிப்பாகத் தவிர்க்கற்பாலன. தனிப் பாத்திரம் வேண்டும்; கை கழுவச் சவர்க்காரம் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இப்பிராணிகளையும் அவற்றின் பெட்டியையும் தொடலாகாதென்பது மருத்துவர் அறிவுரை.

இனி, வைக்கும் முறை. கனத்த கட்டையைப் பெட்டியின் அடித்தளத்திலேயே அசையாது நிறுத்தி, அதன்பின் மண்ணை நிரப்ப வேண்டும். மண்ணின்மேல் வைத்தால், இரவில் பல்லியோ ஆமையோ கீழே குழி தோண்ட, கட்டை இறங்கி அதன் முதுகில் அமரும். காலையில் வீட்டுப் பிள்ளைகள் காணும் காட்சி துயரமானது. கிளைகளைச் சுவரோடு திருகாணியால் இறுக்க வேண்டும். கிளையின் தடிப்பு பிராணியின் உடற்தடிப்புக்கு ஏறக்குறைய ஒத்திருப்பது நன்று. பச்சோந்திக்கு மெல்லியதும் தடித்ததுமாகப் பலவிதம் வேண்டும். கூரிய முனைகளை வெட்டி, அரத்தாளால் தேய்க்க வேண்டும். பொந்துள்ள கட்டையில் தலை நுழைந்து உடல் சிக்கும் அளவான துவாரங்களை ஒன்றில் அடைக்கவோ, அன்றேல் அகலமாக்கவோ வேண்டும். வெறும் வயிற்றோடு உள்ளே போன பாம்பு, இரை விழுங்கியபின் வெளிவர முடியாது தவிக்கும்.

மின்குமிழுக்கும் உச்சிக் கிளைக்கும் உள்ள தூரம் மிக முக்கியம். ஊர்வன சூட்டுக்கு அருகிற் சென்று, தோல் வெந்தும் விலகாதிருப்பதை வைத்தியர்கள் அடிக்கடி காண்கின்றனர். தாடி ஓணான் வெயில் காயும் இடத்தில் மரத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருப்பது பொருத்தம். கையால் தொட்டுப் பார்த்துக் கணிப்பது போதாது. வெப்பமானியை அக்கிளையின்மேலேயே பிடித்து அளக்க வேண்டும். குமிழைச் சுற்றிக் கம்பிக்கூடு அமைந்திருத்தலும் அவசியம்.

புதிய கட்டை வைத்த சில வாரங்களில் வெண்பஞ்சு போன்ற பூஞ்சணம் தோன்றினால் கலங்க வேண்டாம். துடைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டினாற் பெரும்பாலும் மறையும். ஈரக்காட்டுப் பிராணிகளின் பெட்டிகளில் வால்வில்லிப் பூச்சிகளையும் மரப்பேன்களையும் வேண்டுமென்றே குடியேற்றி, பூஞ்சணத்தை அவற்றுக்கே இரையாக விடுவோரும் உளர். மீண்டும் மீண்டும் முளைத்து, விரலால் அழுத்தினாற் கட்டை மெத்தென்று உள்வாங்கினால் அதை அகற்றிவிட வேண்டும். பிராணி வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நீர்க்குமிழி தோன்றினாலோ, தலையை மேல்நோக்கியே பிடித்திருந்தாலோ மரத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பகைவர் இருவர் உளர். ஒருவர், பாம்பின் இரத்தத்தை உறிஞ்சும் கருநிறச் சிற்றுண்ணி. அது மரவெடிப்புகளில் ஒளிந்து முட்டையிடும். பாம்புக்கு மட்டும் மருந்திட்டு மரத்தை அப்படியே வைத்தால், இரண்டொரு வாரத்தில் படை திரும்பும். வெப்பத்துக்கு அது தாங்காது. கட்டையை மீண்டும் அவித்தால் ஒழியும். மற்றவர் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடற் கிருமி. சிறுத்தைப் பல்லிகளை எலும்பும் தோலுமாக்கும் இக்கிருமியின் முட்டைகள் வெளிற்றும் திரவத்துக்கு அஞ்சுவதில்லை. இந்நோய் வந்த பெட்டியிலிருந்த மரத்தையும் தக்கையையும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், உறையிற் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்; அடுத்த பிராணிக்கு எடுத்துவைக்கலாகாது.